மூச்சு வெட்டும் வேலை

நான் இருந்த வேலைக்கு வந்திருக்கிற நிலானி போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "றெஜினாக்கா, இப்ப ஒரு பொத்தானை அமத்தினா மூச்சு, இருமல், வாய்க்குள்ளை வாற சத்தம் எல்லாம் ஒரேயடியாப் போயிடுது. நீங்கள் இதைப் பத்தொன்பது வருசம் கையாலையோ செய்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை, கையாலைதான்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்து வேலைமுறையை எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது இரண்டு வருடத்துக்கு முந்திய காலத்தை. நான் ஓய்வு பெற்று இன்னும் இரண்டு குளிர்காலம்கூடக் கழியவில்லை. சரி, எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்க்கிறது இதில் இருக்குமோ தெரியாது.

என் சம்பளச் சிட்டையில் ஒலித்தொகுப்பாளர் என்று இருந்தது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எங்கள் சனத்துக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாமல் ஒருநாள் மரக்கறிக்கடையில் நின்றுகொண்டு, "கொம்பியூட்டரிலை மூச்சு வெட்டுற வேலை" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மூச்சு வெட்டுற றெஜினா. கலியாண வீட்டில்கூட, "கவனமா மூச்சு விடுங்கோ, றெஜினா வந்திட்டா" என்று பகிடி விடுவார்கள்.

இலங்கையிலிருந்து பாரிசுக்கு வந்து முதல் எட்டு வருடம் கோப்பை கழுவினேன், அலுவலகங்கள் துடைத்தேன். பிறகு வேலையற்றவர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஒலித்தொகுப்புப் படித்தேன். ஒன்பது மாதம். வகுப்பில் நான்தான் வயது கூடியவள், பிரெஞ்சு குறைந்தவள். காதுக்குப் பிரெஞ்சு தேவையில்லை என்று ஆசிரியர் சொன்னதை நம்பி முடித்தேன். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த இடம். மெத்ரோ ரயில் பாலத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில், நான்கு அறை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வீட்டு மொழியைக் கணினியில் சொல்லிக் கொடுக்கிற பாடங்கள் செய்கிற சின்ன நிறுவனம். ஆபிரிக்க மொழிகள், தீவுகளின் கலப்பு மொழிகளான கிரெயோல்கள், தமிழும் செய்தோம். ஊருக்குத்தான் உபதேசம். என் மகள் எனக்கு இன்றைக்கும் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறாள்.

எங்கள் பொறுப்பாளர் மதாம் ஒதீல். நெடிய, மெலிந்த மனுசி. பத்தொன்பது வருடமும் என்னை "நீங்கள்" என்றுதான் அழைத்தா. ஏசியதே இல்லை. பிழை கண்டால் என் மேசைக்கு வந்து, தன் காதுக்கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, "கேளுங்கள்" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுவா. எங்கே பிழை என்று சொல்லமாட்டா. நானாகக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பா. ஒருமுறை நாற்பது நிமிடம் நின்றா. கடைசியில் கண்டுபிடித்தேன்: "பால்" என்ற சொல்லுக்குப் பின்னால் பேசியவரின் வளையல் கிலுங்கியிருந்தது. அவ ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அவவின் கொள்கை இது. சின்னப் பிள்ளைக்குச் சொல் மட்டும் கேட்க வேண்டும். சொல்லுக்கு முன்னும் பின்னும் கண் இமைக்கிற அளவு மௌனம். வேறு ஒன்றும் கூடாது. பேசுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சொல்லுவார். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்போம். முதலாவதில் பயம் இருக்கும், மூன்றாவதில் அலுப்பு இருக்கும். எடுத்ததைத் திரையில் பெரிதாக்கினால் குரல் கோடுகோடாய்த் தெரியும். மூச்சு அதன் ஓரத்தில் மெல்லிய புல்லுப்போல நிற்கும். இருமல் என்றால் முள்ளுப்பற்றை. கோடு நடுவைத் தொடுகிற இடம் பார்த்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு நாளைக்கு அறுபது சொல் முடித்தால் கெட்டிக்காரி. நான் எண்பது முடிப்பேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, மறைக்கத் தேவையில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. பாடம் முடிந்து ஒப்புதல் வந்த கிழமையே மூலப்பதிவு முழுவதையும் அழித்துவிட வேண்டும். அதுவும் காரணமில்லாமல் வந்ததல்ல. எனக்கு முந்தி ஒரு பாடத்தில், பேசியவர் இடைவேளையில் தன் தங்கையுடன் தொலைபேசியில் சண்டை பிடித்தது அப்படியே உள்ளே போய், ஒரு பாலர் வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. ஆட்கள் எங்களிடம் தருவது சொற்களை மட்டும்தான், மற்றது அவர்களுடையது என்று ஒதீல் சொல்லுவா. நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ நான்கைந்து நிமிடத்துக்கு ஒருக்காப் போகும். சுவருக்கு எத்தனை பஞ்சு ஒட்டினாலும் அந்த இரைச்சல் தரை வழியாக வந்துவிடும். ஆகவே மெத்ரோ வருகிறதென்று கண்டால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை உயர்த்துவேன். பேசுகிறவர் நிறுத்துவார். போனபின் கையை இறக்குவேன். பதிவை நிறுத்துவதில்லை, அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டுகள் எல்லாம் பிறகு குப்பைக்குப் போகும்.

இனி லோர்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிலிப்பைன்சின் தெற்கே சம்போவாங்கா என்று ஒரு துறைமுக நகரம். அங்கே பேசுகிற மொழி சவகானோ. ஸ்பானியர் விட்டுப்போன சொற்களை எடுத்து அந்தச் சனம் தங்கள் பேச்சின் கட்டில் கோத்துக்கொண்ட மொழி. அந்த ஊர்க் குடும்பங்கள் பாரிசில் கொஞ்சப்பேர் இருந்தார்கள். அவர்களின் சங்கம் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாடம் செய்து தரச்சொல்லிக் கேட்டது. குரலுக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. எனக்கு உடனே ஜெறோமின் மனைவி நினைவுக்கு வந்தாள்.

ஜெறோம் மன்னார்ப் பெடியன். லாச்சப்பல் கடையொன்றில் மீன் வெட்டுகிறவன். ஞாயிற்றுப் பூசையில் சந்தித்த பிலிப்பைன்ஸ்காரியைக் கட்டி, பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊரில் இருந்தான். அவனுக்குச் சவகானோ தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் உடைந்த பிரெஞ்சில் குடும்பம் நடத்தினார்கள். குறையில்லாமல் நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே மகன், நோவா. அப்போது நான்கு வயது.

லோர்னா வேறு வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தாள். காலை ஏழு மணிக்கு முந்திப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். முதல்நாள் ஒலிவாங்கிக்கு முன் இருந்துகொண்டு சொன்னாள்: "நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளோடு பிரெஞ்சு பேசுகிறேன். என் பிள்ளையும் வீட்டுக்கு வந்தால் பிரெஞ்சுதான். நான் இல்லாத நேரம் இந்தப் பெட்டியாவது அவனோடு என் மொழியில் பேசட்டும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கிழமைக்கு ஒரு நாள், புதன்கிழமை, ஐந்து கிழமை வந்தாள். தண்ணீர், நிலா, மீன், வீடு என்று முந்நூறு சொல். "அகுவா, லூனா, இது ஸ்பானிய மொழிதானே" என்று ஒதீல் கேட்டதற்கு, "ஸ்பெயினில் போய் என் மாமி பேசினால் பொலிசைக் கூப்பிடுவார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள். சொல்லிலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும், அதை நான் வெட்டுவேன்.

மெத்ரோ வருகிறதென்று நான் கை உயர்த்துகிற நேரமெல்லாம் என்னோடு கதைப்பாள். நோவா ஒரு பல்லை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறானாம். ஜெறோமின் கையில் மீன் மணக்கிறதென்று மகன் மூக்கைப் பொத்துகிறானாம். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது துறைமுகத்தில் கப்பலுக்குக் கை காட்டினது. இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்து, சத்தமாய்ச் சொல்லுவாள். மெத்ரோ போனதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "மேசை. மேசை. மேசை."

மூன்றாம் புதனில் இருமல் தொடங்கியது. குளிர் பிடித்துவிட்டது என்றாள். நான் வெட்டினேன். நான்காம் புதனில் இரண்டசைச் சொல்லுக்கு முன்னே ஒருதரம், பின்னே ஒருதரம் மூச்சு வாங்கினாள். திரையில் புல்லு அடர்த்தியாக நின்றது. முதல் கிழமைப் பதிவையும் அந்தக் கிழமைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படிக்காதவளுக்கும் தெரியும், இது குளிரல்ல என்று. நான் என்ன செய்தேன்? ஒதீலிடம் போய், "குரல் களைக்கிறது, நேரத்தைக் குறைப்போமா" என்று கேட்டேன். ஒதீல் நேரத்தைக் குறைத்து, சுடுதண்ணீரும் தேனும் வைக்கச் சொன்னா. அன்றைக்கும் எண்பது சொல் முடித்தேன். ஒரு இருமல்கூட மிச்சமில்லை. ஒதீல் கேட்டுவிட்டு, "மிகச் சுத்தம்" என்றா. பத்தொன்பது வருடத்தில் அவ அப்படிச் சொன்னது நான்கு தரம் இருக்கும்.

"லோர்னா, டொக்டரிட்டைக் காட்டினியோ?" என்று நான் கேட்கவில்லை. இதைத்தான் நிலானி, நீ புதுப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான் அவள் இருமுவதைக் கேட்கவில்லை என்றில்லை. உலகத்தில் வேறு எவரையும்விட நன்றாகக் கேட்டேன். காதுக்குள்ளே வைத்து, பெரிதாக்கி, முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டேன். வெட்டுவதற்காகக் கேட்டேன்.

பாடம் ஒப்புதலாகி, அந்தக் கிழமையே மூலப்பதிவை அழித்தேன். ஒரு மாதம் கழித்து ஜெறோம் கடையில் மீனை நிறுத்துக்கொண்டே சொன்னான், லோர்னாவை ஆசுபத்திரியில் வைத்திருக்கிறார்கள், நெஞ்சுக்குள்ளே கட்டி, பிந்திவிட்டதாம் என்று. என் கையில் பை இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. பாடம் டாப்லெட்டில் வெளிவருவதற்கு முதல் அவள் செத்துப்போனாள்.

சைவர்களின் அந்திரட்டி மாதிரி கத்தோலிக்கர் நாங்களும் முப்பத்தோராம் நாள் பூசை வைப்போம். அதற்கு அடுத்த நாள் ஜெறோம் வேலையிடத்துக்கு வந்தான். மீன்கடை உடுப்பு இல்லை, சவரம் செய்திருந்தான், பெரிய அலுவலகத்துக்குப் போகிறவன் மாதிரி கையில் ஒரு பைல். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அக்கா, அவ இஞ்சை சொல்லுச் சொன்னதெல்லாம் பெட்டிக்கை வருமெண்டு தெரியும். அதில்லை. சும்மா கதைச்சது ஏதும் இருக்கோ? வீட்டுக்கு வந்து சொல்லுவா, மெத்ரோ போகேக்கை றெஜினாக்காவோடை உன்னைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும்தான் கதைக்கிறனான் எண்டு. எனக்கு வேண்டாம். பெடியனுக்கு."

"இல்லைத் தம்பி."

"மெத்ரோச் சத்தத்தோடை எண்டாலும் பரவாயில்லை."

"அழிச்சிட்டன் தம்பி. நான்தான் அழிச்சன்."

அவன் கோபப்படவில்லை. பைலைத் திறந்து, மூடி, "வேலைதானே அக்கா, செய்யத்தானே வேணும்" என்றான். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஒதீலுக்குச் சொன்னேன். அவ "விதியை நான் எழுதினேன், நீங்கள் அல்ல" என்றா. பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினா. அவ கதவு சாத்தியதை அன்றுதான் கண்டேன்.

டாப்லெட்டுகள் சங்கத்தின் பிள்ளைகளுக்குப் போயின. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை சரி, எத்தனை பிழை என்று எங்களுக்குக் கணக்கு வரும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மூன்றாம் பாடம், நான்காம் பாடம் என்று போய்க்கொண்டிருந்தார்கள். நோவா முதல் பாடத்திலேயே நின்றான். முதல் மாதம் பாதி பிழை. இரண்டாம் மாதம் முக்கால்வாசி பிழை. மூன்றாம் மாதம் ஒன்றுகூடச் சரியில்லை. இப்படிக் கீழே போன பிள்ளையை நான் கண்டதில்லை. ஒதீல், படங்கள் அவனுக்கு விளங்கவில்லையோ என்று படம் கீறுகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தா.

ஜெறோம் கடையில் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, அந்தப் பெட்டியைத் திருப்பி எடுங்கோ. போன மாசத்தைவிட இந்த மாசம் மோசம். அவவின்ரை கடைசி ஆசை அது ஒண்டுதான். நானும் பக்கத்திலை இருந்து பாக்கிறன், ஏசியும் பாத்திட்டன். அவனுக்கு ஏறுதில்லை. பள்ளிக்கூடத்திலை கெட்டிக்காரன் எண்டுறாங்கள், இது மட்டும் ஏறுதில்லை. தாய் பேசப் பேசப் பிழை விடுறதைக் கேக்க எனக்கு ஏலாமக் கிடக்கு."

"எடுக்கிறதுக்கு முதல் நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றேன்.

ஞாயிறு பூசை முடிய ரயிலெடுத்துப் பொண்டிக்குப் போனேன். ஜெறோம் குசினியில் தேநீர் போட்டான். நோவா முன்னறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்திருந்தான். தாயின் நெற்றி. எனக்கு "பொன்ஜூர்" சொல்லிவிட்டு டாப்லெட்டைத் திறந்தான். நான் முழங்கால் நோவோடு கீழே அமர்ந்தேன்.

திரையில் மூன்று படம்: மீன், வீடு, நிலா. லோர்னாவின் குரல் கேட்டது: "லூனா". நான் வெட்டிய லூனா. சுத்தமாக இருந்தது. பிள்ளையின் கண் முதலில் நிலாவுக்குப் போனது. விரலும் போனது. தொடுவதற்கு முன் விரல் திரும்பி வந்து, மீனைத் தொட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சரியாகத் தொட்டால் மணி அடிக்கும், அடுத்த படம் வரும். புகழ்ச்சி பிள்ளையைக் கெடுக்கும் என்பது ஒதீலின் எண்ணம். பிழையாகத் தொட்டால்தான் குரல் ஒரு முழு வசனம் சொல்லும். அதற்குச் சொற்கள் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசிப் புதன் கடைசியாக, உன் பிள்ளை பிழை விட்டால் என்ன சொல்லுவாயோ அதைச் சொல் என்று ஒதீல் கேட்டா. லோர்னா யோசிக்காமல் ஒரு வசனம் சொன்னாள். நீளமான வசனம், ஒரே மூச்சில் முடிக்க அவளால் முடியவில்லை. நடுவில் நிறுத்தி, இழுத்து மூச்சு வாங்கி, முடித்தாள். அந்த மூச்சை வெட்டினால் வசனம் முறிந்துவிடும் என்பதால் நான் விட்டுவிட்டேன். முந்நூறு சொல்லிலும் அவளுடைய மூச்சு மிஞ்சியது அந்த ஓரிடத்தில்தான்.

நோவா மீனைத் தொட்டதும் அந்த வசனம் வந்தது. அவன் உதடு கூடவே அசைந்தது. சத்தமில்லாமல், ஒரு எழுத்தும் தவறாமல். தாய் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான். தாய் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் தோளை உயர்த்தி மூச்சு வாங்கினான். பிறகு வீட்டைத் தொட்டான். திரும்பவும் வசனம். திரும்பவும் மூச்சு.

"நிலா எதென்று உனக்குத் தெரியும்தானே?" என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டேன்.

ஓமென்று தலையை ஆட்டினான். "சரியாகத் தொட்டால் மணிதான் அடிக்கும்" என்றான், எனக்குத்தான் விளங்கவில்லை என்பது போல.

அவன் சவகானோ படிக்கவில்லை. படிக்கப்போவதுமில்லை. சரியாகத் தொட்டால்தானே அடுத்த பாடம். லோர்னா கேட்டது நடக்கவில்லை, அதை யாரும் நடந்ததென்று எழுதக்கூடாது.

ஜெறோம் தேநீரோடு வாசலில் நின்றான். "பாத்தீங்களோ அக்கா? நிலா தெரியாத பிள்ளையோ? மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் தாயிட்டை ஏச்சு வாங்குறான்."

"ஏச்சோ?"

"பின்னை? பிழை விட்டவுடனை அவ ஏதோ நீட்டுக்குச் சொல்லுறா. ஏச்சுத்தானே. அந்தப் பாசை எனக்கு எங்கை விளங்குது."

மூன்று மாதமாக மனைவியின் குரலை வீட்டில் வைத்துக்கொண்டு, அவள் பிள்ளையைத் திட்டுகிறாள் என்று நினைத்து இந்த மனுசன் குசினிக்குள் நின்றிருக்கிறான்.

"தம்பி, அது ஏச்சில்லை" என்றேன். "வசனத்துக்கு என்ன கருத்தெண்டு அவவிட்டையே கேட்டு எழுதினது நான். 'பரவாயில்லைக் குஞ்சு, பயப்பிடாதை, இன்னொருக்காப் பார், அம்மா இஞ்சைதான் பக்கத்திலை இருக்கிறன்.' அவ்வளவும்தான் சொல்லுறா. அதைக் கேக்கத்தான் அவன் வேணுமெண்டு பிழை விடுறான்."

ஜெறோம் தேநீர்க் கோப்பைகளைத் தரையிலேயே வைத்தான். ஒன்று சரிந்து ஊற்றுப்பட்டது, துடைக்கவில்லை. மகனுக்குப் பக்கத்தில், கம்பளத்தில், அவனைப் போலவே குப்புறப் படுத்தான். ஏசப்போகிறார் என்று பிள்ளை விரலை நிலாவுக்கு மேல் கொண்டுபோனான். ஜெறோம் அந்தச் சின்னக் கையை மெதுவாகப் பிடித்தான்.

"அதைத் தொடாதை அப்பன்" என்றான். "பிழையாத் தொடு. அப்பாவும் கேக்கிறன்."